வெண்டைக்காய்ச் சின்னம்

குழாய்ச் சின்னம்தான் கேட்டேன்.
முப்பத்தோரு வருஷம்
செம்புதாஸ் தெருவில்
குழாய், வால்வு, மோட்டார் பம்பு விற்றவன்
வேறெதைக் கேட்பான்?
இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டார்.
குலுக்கிப் போட்டார்கள்.
எனக்கு வந்தது வெண்டைக்காய்.

தேர்தல் அலுவலர் சிரிக்கவில்லை.
நானும் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.
அசையும் சொத்து, அசையாச் சொத்து,
நிலுவை வழக்குகள்: இல்லை.
பொறுப்புகள் என்ற கட்டத்தில்
வங்கிக் கடனை மட்டும் எழுதி
கீழே கோடு இழுத்துவிட்டார்
என் கணக்கர் கமலக்கண்ணன்.

கடையில் நான் உட்கார்ந்திருப்பேன்,
வருகிறவர் வருவார்.
ஓட்டேரியில் முதல் நாள்
ஒரு நீலக் கதவுக்கு முன்னால்
மணி அடிப்பதா, தட்டுவதா,
"அம்மா" என்பதா, "மேடம்" என்பதா
தெரியாமல் நின்றேன்.
உள்ளே குக்கர் மூன்றாவது விசில் விட்டது.
அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.
"என் அன்பான வாடிக்கையாளப் பெருமக்களே!"
ஆட்டோவை நிறுத்திவிட்டு
தலையைத் திருப்பிப் பார்த்தான் தாவூத்.

"வழவழா கொழகொழாவுக்கா உங்க ஓட்டு?"
எதிர்க்கூட்டத்தில் யாரோ கேட்க
கைதட்டல் எங்கள் தெருவரைக்கும் கேட்டது.
நல்ல வரிதான்.
எனக்குத் தோன்றியிருந்தால்
நானே சொல்லியிருப்பேன்.

கோயம்பேட்டிலிருந்து
ஒரு கூடை வெண்டைக்காய் வாங்கி வந்தான் தாவூத்.
கொடுத்தால் லஞ்சம்,
காட்டினால் பிரச்சாரம்.
எனவே காட்டிக்கொண்டே நடந்தோம்.

தண்ணி லாரிக்கு நின்ற வரிசையில்
பச்சைக் குடத்தோடு ஒருத்தி.
நசீமா என்று பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.
"பம்பு கடைக்காரர்தானே நீங்க?"
ஆமாம் என்றேன், முகம் மலர்ந்து.
"அந்த டிசம்பர் வெள்ளத்துல
எங்க வீட்டுக்காரர் வந்தார் உங்க கடைக்கு.
ஒம்பதாயிரத்து ஐநூறுன்னு சொன்னீங்களாம்.
வெறுங்கையோட வந்துட்டார்.
நாலு நாளு பக்கெட்டால இறைச்சோம்."

மூன்று பதில்கள்
என் நாக்கில் வரிசையில் நின்றன.
சரக்கு இல்லை,
லாரி வாடகை ஏறிப்போச்சு,
தெருவே அந்த விலைக்குத்தான் விற்றது.
மூன்றும் பொய்யில்லை.
கமலக்கண்ணன் என் முழங்கையைத் தொட்டார்.

"அடக்கம் ஐயாயிரத்து இருநூறு," என்றேன்.

முப்பத்தோரு வருஷத்தில்
அடக்க விலையைக்
கடைக்கு வெளியே நான் சொன்னது
அதுதான் முதல் தடவை.
கூட வந்த பையன்கள்
கீழே பார்த்தார்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து
கட்டை விரலால் நுனியை அழுத்தினாள்,
எந்தக் கடையிலும் செய்கிற மாதிரி.
ஒடியவில்லை. வளைந்தது.
"முத்தல்," என்றாள்.
என் ஐம்பத்தெட்டு வயசை
ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
"சாம்பாருக்கு ஆவும்,"
என்று என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

அதற்குள் லாரி வந்துவிட்டது.
குடங்கள் இடித்துக்கொண்டு முன்னால் போயின.
நான் கொடுத்த நோட்டீஸைச்
சும்மாடாகச் சுருட்டினாளா,
இடுப்பில் செருகினாளா,
கூட்டத்தில் தெரியவில்லை.

ஓட்டுப்பதிவுக்கு ஐந்து நாள் இருக்கிறது.
ராத்திரி சட்டையைத் துவைக்கப் போட எடுத்த மரகதவல்லி
பையிலிருந்து
வளைந்த காயை வெளியே எடுத்தாள்.
"இது எதுக்கு?"

வை, அங்கேயே வை.
கணக்கில் சேர்க்கணும்.